தொடுதிரைக்கு அதிர்வூட்டும் ஆக்சுவேட்டர்: கஞ்சிக்கோட்டுப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் எடை இயந்திரம், நூற்பாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, பம்புசெட் ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்குத் தொடுதிரைப் பலகம் வடிவமைப்பது எங்கள் வேலை. வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற பட்டறைக்காரர்களும் கல்லூரி மாணவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைத் தமிழில் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். கணக்குகளில் வரும் எண்கள் விஷயத்தை விளக்க எடுத்துக்கொண்டவை. உங்கள் உருப்படியின் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளை) வைத்துக்கொண்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

பீப் ஒலி இருக்கிறதே, அதிர்வு எதற்கு?

வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் சரக்கு இறங்கும் நேரத்தில் ஓர் எடை இயந்திரத்தின் அருகே நின்று பாருங்கள். லாரி என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். தமிழிலும் மலையாளத்திலும் விலை கூவிக்கொண்டிருப்பார்கள். பீப் ஒலி யார் காதிலும் விழாது. எடை போடுபவரின் கண் தக்காளிப் பெட்டி மேல் இருக்கும், கட்டைவிரல் ஈரமாக இருக்கும். 'பதிவு' பொத்தானைத் தொட்டார், பதிந்ததா என்று தெரியவில்லை, மறுபடி தொடுவார். ஒரே பெட்டி பில்லில் இருமுறை ஏறும். பிறகு அதை நீக்கக் கடவுச்சொல் வேண்டும், முதலாளி வர வேண்டும், பின்னால் வரிசை நிற்கும்.

பழைய ரப்பர் விசைப்பலகையில் இந்தத் தொல்லை கிடையாது. அழுந்தியது விரலுக்கே தெரிந்துவிடும். கண்ணாடித் திரைக்கு மாறியபோது தொலைத்தது அதைத்தான். கண்ணையும் காதையும் கேட்காமல் விரலுக்கு நேரே பதில் சொல்லவே அதிர்வு. அந்த அதிர்வை உண்டாக்கும் சிறு உருப்படிதான் ஆக்சுவேட்டர்.

அதற்காகப் பத்து விதமான அதிர்வு வைக்கச் சொல்லி வருபவர்களும் உண்டு. 'ஏற்றுக்கொண்டேன்' என்பதற்கு ஒரு தட்டு, 'ஏற்கவில்லை' என்பதற்கு இரண்டு தட்டு. அதற்கு மேல் வைத்தால் வேலை செய்கிற மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்.

விரல் எந்த அதிர்வை நன்றாக உணரும்?

தோலின் ஆழத்தில் பாசினியன் நுண்ணுறுப்புகள் என்று ஒரு வகை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த இத்தாலியர் ஃபிலிப்போ பாச்சினியின் பெயரைத் தாங்கியவை. ஏறத்தாழ 40 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை உணரும். 200 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் கூர்மை உச்சத்தில் இருக்கும். அங்கே ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அசைவே போதும். கைபேசி ஆக்சுவேட்டர்கள் பெரும்பாலும் 150க்கும் 240க்கும் இடையில் அமைந்திருப்பது இதனால்தான்.

இந்த நுண்ணுறுப்புகளுக்கு ஒரு குறை இருக்கிறது, அது வடிவமைப்பாளருக்கு வரம். அதிர்வு எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அவற்றுக்குத் துல்லியமாகத் தெரியாது. பலகம் முழுவதும் அதிர்ந்தாலும், விரல் பட்ட பொத்தான்தான் அசைந்தது என்று மூளை முடிவுகட்டிவிடும். எனவே ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் ஆக்சுவேட்டர் தேவையில்லை. திசையும் அப்படித்தான். 2015இல் ஆப்பிள் மேக்புக்கில் வந்த டிராக்பேட் அழுத்தும்போது உண்மையில் கீழே இறங்குவதில்லை. பக்கவாட்டில் ஒரு சிறு உதை கொடுக்கிறது, விரல் அதை அழுந்தியதாகவே எடுத்துக்கொள்கிறது.

வயது ஏற ஏற இந்த உயர் அதிர்வெண் உணர்வு மங்கும். கல்லூரி மாணவர்களின் விரலில் மட்டும் சோதித்து முடித்த பலகம், அறுபது வயதுக்காரரிடம் போனதும் ஊமையாகிவிடும்.

எந்த வகை ஆக்சுவேட்டர் வாங்குவது?

மலிவானது இஆர்எம் (ERM, சமநிலை தப்பிய சுழல் எடை). சிறு டிசி மோட்டாரின் தண்டில் ஒருபக்கம் கனத்த எடை மாட்டியது. 3 வோல்ட் கொடுத்தால் சுழலும், சுழன்றால் அதிரும். அரை கிராம் எடை அச்சிலிருந்து 1 மி.மீ. தள்ளியிருந்து நிமிடத்துக்கு 12,000 முறை சுற்றினால் விசை ஏறத்தாழ 0.8 நியூட்டன். விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவதால், அதிர்வெண்ணையும் வலிமையையும் தனித்தனியே மாற்ற முடியாது. மெல்லிய அதிர்வு வேண்டும் என்றால் மந்தமான அதிர்வும் சேர்ந்தே வரும். நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்க 50 மில்லிவினாடிக்கு மேலும் ஆகும். அழைப்பு மணிக்குப் பதில் அதிர வைக்க நல்லது, பொத்தானுக்கு ஆகாது. பிரஷ் தேய்வதும் உண்டு.

எல்ஆர்ஏ (LRA, நேர்கோட்டில் ஒத்ததிரும் ஆக்சுவேட்டர்) என்பது ஸ்பிரிங்கில் தொங்கும் காந்தமும் அதன் எதிரே காயிலும் (கம்பிச் சுருள்). மாறுமின்னோட்டம் கொடுத்தால் முன்னும் பின்னும் ஆடும். பிரஷ் கிடையாது, தொடக்கமும் விரைவு. நாணய வடிவத்தில் வருவது திரைக்குச் செங்குத்தாக ஆடும். நீள்சதுர வடிவத்தில் வருவது பக்கவாட்டில் ஆடும். ஐந்தாறு அங்குலக் கையடக்கக் கருவிக்கு என் தேர்வு நீள்சதுர வகை.

பெரிய பலகத்துக்கு வாய்ஸ் காயில் (ஒலிபெருக்கியில் இருப்பது போல, காந்தத்தருகே ஆடும் சுருள்) அல்லது சொலினாய்டு போன்ற மின்காந்தம். பெட்டியில் காலை ஊன்றிக்கொண்டு கண்ணாடியைத் தள்ளுபவை. கார்களின் திரைகளில் இந்த வழியைக் காணலாம். சொலினாய்டு இழுக்க மட்டுமே செய்யும், திருப்பி அனுப்ப ஸ்பிரிங் வேண்டும். அதன் விசை இடைவெளியின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். இடைவெளி பாதியானால் விசை நான்கு மடங்கு. ஆகவே பூட்டும்போது 0.2 மி.மீ. முன்பின் ஆனாலும் ஒரு பலகம் அடிக்கும், அடுத்தது தடவும். இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் தகடு வைத்துச் சரிசெய்ய ஆள் இல்லாத பட்டறைக்கு நான் இதைச் சொல்வதில்லை.

பீசோ தனிக் கதை, கீழே வருகிறது.

டேட்டாஷீட்டில் 1.1 ஜி என்று போட்டிருக்கிறது. எங்கள் பலகத்தில் ஒன்றுமே தெரியவில்லையே?

ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு. அந்த 1.1 ஜி, 100 கிராம் எடையுள்ள சோதனைக் கட்டையில் அளந்தது. பெரும்பாலான டேட்டாஷீட்டில் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

கணக்கு இதுதான். உள்ளே ஆடும் எடை 1.5 கிராம், அது ஒரு பக்கம் 0.6 மி.மீ. ஆடுகிறது, 175 ஹெர்ட்ஸ். எதிர்வினையாகக் கருவி ஆடும் அளவு, எடைகளின் விகிதத்தில் குறையும். 100 கிராம் கட்டை 9 மைக்ரோமீட்டர் ஆடும், அதுதான் 1.1 ஜி. 200 கிராம் கைக்கருவி 4.5 மைக்ரோமீட்டர், 0.55 ஜி. உங்கள் பலகம், உலோகப் பெட்டி எல்லாம் சேர்ந்து 1.2 கிலோ என்றால் முக்கால் மைக்ரோமீட்டர், 0.09 ஜி. அமைதியான அறையில் கூர்ந்து கவனித்தால் மட்டும் தெரியும். அந்தப் பெட்டியை எடை இயந்திரத்தின் இரும்புக் கம்பத்தில் நான்கு போல்ட் போட்டு இறுக்கினால் அதுவும் போய்விடும், ஏனென்றால் இப்போது கம்பத்தையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருக்கிறது.

பெரிய ஆக்சுவேட்டர் வாங்குவது இதற்கு மருந்தாகாது. ஆட்ட வேண்டிய எடையைக் குறைக்க வேண்டும். பெட்டி நிற்கட்டும், கண்ணாடி மட்டும் மிதக்கட்டும்.

கண்ணாடியை எப்படி மிதக்க வைப்பது?

3 மி.மீ. கண்ணாடி, ஏழு அங்குலத் திரை, பின்னால் எல்சிடி எல்லாம் சேர்ந்து 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இதைப் பெட்டியில் இறுக்கி ஒட்டாமல், பக்கவாட்டில் நெகிழ்ந்தும் செங்குத்தாக விறைத்தும் நிற்கிற தகடு ஸ்பிரிங் நான்கின் மேல் நிறுத்துங்கள். பக்கவாட்டு இயல்பு அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் நான்கும் சேர்ந்து மி.மீ.க்கு 28 நியூட்டன் விறைப்பு வர வேண்டும். இதில் 5 நியூட்டன் விசையை 5 மில்லிவினாடிக்கு ஓர் உதையாகக் கொடுத்தால் கண்ணாடி 0.2 மி.மீ. அளவுக்கு நகர்ந்து திரும்பும். விரலுக்கு அது கனமான, உறுதியான பொத்தான் போல இருக்கும். இது வலிமையின் மேல் எல்லை. மிதமான உணர்வுக்கு இதில் பாதியே போதும்.

பக்கவாட்டு அசைவையே நான் விரும்புகிறேன். செங்குத்தாக ஆடினால் கண்ணாடி முழுவதும் ஒலிபெருக்கித் தட்டாக மாறிக் காற்றைத் தள்ளும், டப் டப் என்று சத்தம் வரும். பக்கவாட்டில் ஆடும்போது காற்றைத் தள்ள பரப்பு இல்லை.

சுற்றிலும் அரை மி.மீ. இடைவெளி விட வேண்டும். அங்கேதான் சண்டை தொடங்கும். மழைத் தண்ணீர் இறங்கக் கூடாது என்று வாங்குபவர் சொல்வார், கடினமான கேஸ்கெட் வைத்து அடைத்தால் கண்ணாடி நகராது. மெல்லிய சிலிக்கான் பாவாடையை உள்நோக்கி மடித்து வைப்பது நடுவழி. அந்த மடிப்பு அரை மி.மீ. நகர்வைத் தடுக்காது. நீர்ப்புகாச் சோதனையும் அதிர்வுச் சோதனையும் ஒரே மாதிரிப் பலகத்தில் நடக்க வேண்டும். தனித்தனிப் பலகத்தில் இரண்டிலும் தேர்ச்சி பெற்றுவிட்டு, சேர்த்ததும் தோற்ற கதைகள் இந்தத் தொழிலில் நிறைய.

டிஸ்பிளே கேபிளை மறந்துவிடாதீர்கள். மிதக்கும் பக்கத்திலிருந்து நிற்கும் பக்கத்துக்கு வரும் பட்டைக் கேபிள் ஒவ்வொரு தட்டுக்கும் மடிகிறது. தளர்வாக ஒரு வளையம் விடுங்கள்.

எல்ஆர்ஏ போட்டாகிவிட்டது. ஆனால் 'டிக்' என்று இல்லாமல் 'ர்ர்ர்' என்று இருக்கிறது. ஏன்?

பலரும் கைவிடுகிற இடம் இது. அதிர வைப்பது எளிது, நிறுத்துவதில்தான் வடிவமைப்பாளரின் திறமை தெரியும். டேட்டாஷீட்டில் கொட்டை எழுத்தில் இருப்பது வலிமை. பொத்தானின் தரத்தைத் தீர்மானிப்பது நிற்கும் நேரம்.

அதே 1.5 கிராம், 175 ஹெர்ட்ஸ் ஆக்சுவேட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்பிரிங் விறைப்பு மி.மீ.க்கு 1.8 நியூட்டன். 0.6 மி.மீ. ஆட வைக்க, ஒத்ததிர்வு (இயல்பு அதிர்வெண்ணிலேயே தள்ளுவது) இல்லாவிட்டால் ஒரு நியூட்டனுக்கு மேல் வேண்டும். ஒத்ததிர்வில், தரக்காரணி (வீச்சு எத்தனை மடங்கு பெருகும் என்ற எண்) 15 என்றால், 0.07 நியூட்டனே போதும். அந்தப் பதினைந்து மடங்கு லாபத்தால்தான் இவ்வளவு சிறிய காயில் வேலை செய்கிறது. ஆனால் லாபம் சும்மா வரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த ஆற்றல் அது, வெளியேறுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இதன் நேர மாறிலி (வீச்சு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாக இறங்க ஆகும் நேரம்) 27 மில்லிவினாடி. மின்சாரத்தை நிறுத்திய பிறகு வீச்சு பத்தில் ஒன்றாகக் குறைய 60 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். உங்கள் 'ர்ர்ர்' அந்த வால்தான்.

ஊஞ்சலை எழுப்புவது போலவே நிறுத்துவதும்: வரும்போது எதிர்த்துத் தள்ள வேண்டும். முதலில் வழக்கமான மின்னழுத்தத்தைப் போல மூன்று மடங்கு கொடுங்கள். 11 மில்லிவினாடியில், அதாவது ஏறத்தாழ இரண்டே சுற்றில், முழு வீச்சு வந்துவிடும். உடனே கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்க வரிசையை) தலைகீழாக்கி அதே மூன்று மடங்கு கொடுங்கள். 8 மில்லிவினாடியில் நின்றுவிடும். மொத்தம் 20 மில்லிவினாடிக்குள் எழுந்து அடங்கிய அதிர்வு விரலுக்கு 'டிக்'. இவ்வளவு குறுகிய நேரம் என்பதால் காயில் சூடாகவும் வாய்ப்பில்லை.

கவனிக்க வேண்டியது, எதிர்த்தள்ளலைச் சரியான கணத்தில் விட வேண்டும். ஒரு சுற்று கூடுதலாகத் தள்ளினால் எதிர்த்திசையில் மறுபடி எழுந்து நிற்கும். ஒவ்வோர் உருப்படியும் சில ஹெர்ட்ஸ் வேறுபடும். தரக்காரணி 15 என்றால் பயன்படும் அகலமே 12 ஹெர்ட்ஸ்தான், 6 ஹெர்ட்ஸ் தள்ளிப்போனாலே வீச்சு எழுபது விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஆகவே அதிர்வெண்ணை நிரலில் எண்ணாக எழுதிவைத்துவிட்டுப் போகக் கூடாது. காந்தம் ஆடும்போது காயிலில் எழும் எதிர் மின்னியக்கு விசையை இடையிடையே அளந்து, அதைப் பின்தொடர்ந்து ஓட்டும் டிரைவர் சிப்புகள் இருக்கின்றன. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஆர்வி2605 அந்த வகை. இஆர்எம், எல்ஆர்ஏ இரண்டையும் ஓட்டும், பின்தொடர்தலும் எதிர்த்தள்ளி நிறுத்துவதும் தானே செய்யும், உள்ளேயே 123 ஆயத்த அதிர்வுகள் இருக்கும். அந்த 123இல் உங்களுக்குத் தேவைப்படுவது மூன்றுதான்.

டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து ஓட்டிக் காசு மிச்சம் பிடிக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். இஆர்எம்மை ஓட்டலாம். எல்ஆர்ஏவை அப்படி ஓட்டுவதற்கு இஆர்எம்மே வாங்கிவிடலாம்.

பீசோதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்கிறார்களே?

வேகத்தில் சிறந்தது, சந்தேகமில்லை. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த அழுத்தமின் விளைவைத் திருப்பிப் பயன்படுத்துகிறோம். மின்னழுத்தம் கொடுத்தால் பீங்கான் நீளும் அல்லது வளையும். ஒரு மில்லிவினாடிக்குள் பதில் வரும். ஒத்ததிர்வை நம்பி இருக்க வேண்டியதில்லை என்பதால் வால் பிரச்சினை பெரிதும் குறைவு. இன்னொரு வசதி, அழுத்தினால் அதுவே மின்னழுத்தம் தருவதால் அழுத்த உணரியாகவும் அதையே வைத்துக்கொள்ளலாம். தொட்டதற்கும் அழுத்தியதற்கும் வேறுபாடு தெரியும். ஈரக்கைச் சந்தையில் இது பெரிய உதவி, நீர்த்துளி பட்டதைத் தொடுகை என்று எடுத்துக்கொள்ளும் தவறு குறையும்.

செலவு மின்சுற்றில். பல அடுக்குப் பீசோவுக்கே 60 முதல் 120 வோல்ட் வரை வேண்டும், அது மின்தேக்கி போல நடந்துகொள்ளும். 1 மைக்ரோஃபாரட் பீசோவை 100 வோல்ட்டுக்கு 2 மில்லிவினாடியில் ஏற்ற 5 மில்லிஜூல் வேண்டும். 5 வோல்ட் பக்கம், இழப்பே இல்லாவிட்டாலும் அது அரை ஆம்பியர் இழுக்கும். ஒரு கணம்தான், ஆனால் அந்தக் கணத்தில் பலவீனமான பவர் சப்ளை தொய்ந்து திரையே மறுதொடக்கம் ஆகிவிடும். பக்கத்தில் பெரிய மின்தேக்கி ஒன்று வையுங்கள்.

பீங்கான் என்பதால் உடையும். நெஞ்சுயரத்திலிருந்து கீழே விழும் கைக்கருவியில், வளைவைத் தடுக்கும் நிறுத்தம் இல்லாமல் பீசோ வைக்கக் கூடாது.

பாலக்காட்டு வெயிலில் தாங்குமா?

தாங்கும், ஆனால் மெலியும். மார்ச், ஏப்ரலில் இங்கே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. வெயிலில் நிற்கும் கறுப்புப் பலகத்தின் உட்புறம் 65 டிகிரிக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் வடிவமைத்த கருவிக்கு இது 40 டிகிரி ஏற்றம். நியோடிமியம் காந்தத்தின் புலம் டிகிரிக்கு ஏறத்தாழ 0.11 விழுக்காடு குறையும், செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 விழுக்காடு கூடும். இரண்டும் சேர்ந்து, அதே மின்னழுத்தத்தில் விசை ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்துவிடும். மின்னழுத்தத்துக்குப் பதில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் வைத்தால் காந்தத்தின் பங்கான 4 விழுக்காடு மட்டுமே இழப்பு.

பஞ்சு போன்ற ஃபோம் டேப்பால் ஆக்சுவேட்டரை ஒட்டியிருந்தால் வெயிலில் அது இன்னும் இளகி அதிர்வை விழுங்கும். மெல்லிய, கெட்டியான இரட்டைப்பக்க டேப் வையுங்கள், முடிந்தால் திருகு போடுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றுக்குக் காயில் முனைகளில் பச்சை பூக்கும். அங்கே ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.

எடை இயந்திரத்தில் அதிர்வு வைத்தால் எடை தவறாகக் காட்டாதா?

நல்ல கேள்வி, கேட்பவர்கள் குறைவு. எடையை உணரும் லோட்செல்லும் பலகமும் ஒரே சட்டத்தில் இருந்தால் அதிர்வு அங்கே போய்ச் சேரும். வினாடிக்கு 80 மாதிரி எடுக்கும் சுற்றில் 175 ஹெர்ட்ஸ் அதிர்வு 15 ஹெர்ட்ஸ் வேடம் போட்டு நுழையலாம், அப்போது வடிகட்டி அதைச் சரியாக அடையாளம் காணாது. எடையை முதலில் பதிந்து பூட்டிக்கொண்டு, பிறகு அதிர விடுங்கள். அதிர்வு அடங்கிய பின்பே அடுத்த வாசிப்பு. நிரலில் இரண்டு வரி மாற்றம்.

மற்றொன்று சட்டம். சட்டமுறை எடையளவுத் துறை முத்திரையிட்ட இயந்திரத்தைத் திறந்து ஆக்சுவேட்டர் வைத்தால், முத்திரை உடைந்த கணமே அது வியாபாரத்துக்கு ஆகாது. மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் இதே நிலைதான். புதிய இயந்திரத்தில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவது உத்தமம்.

கையுறை போட்டுக்கொண்டால் தெரியுமா?

மெல்லிய ரப்பர் கையுறையில் தெரியும். தடித்த தோல் கையுறைக்கு வலிமையை இரட்டிப்பாக்கினாலும் சந்தேகம்தான். அங்கே உண்மையான பொத்தானே வையுங்கள்.

ஸ்பிரிங், காயில் எல்லாம் கோவையிலேயே செய்துகொள்ளலாமா?

ஸ்பிரிங் செய்யலாம். கணபதி, பீளமேடு பக்கம் வயர்கட் (மின்பொறிக் கம்பியால் உலோகம் வெட்டும் இயந்திரம்) வைத்திருக்கும் பட்டறைகள் இருக்கின்றன. 0.2 அல்லது 0.3 மி.மீ. எவர்சில்வர் ஸ்பிரிங் தகட்டை அடுக்கி வைத்து ஒரே ஓட்டத்தில் வெட்டித் தருவார்கள். லேசரில் வெட்டினால் விலை குறையும், ஆனால் ஓரத்தில் வெப்பம் பட்ட பிசிறு நிற்கும். பல லட்சம் முறை வளைய வேண்டிய தகட்டில் விரிசல் அந்தப் பிசிறிலிருந்துதான் கிளம்பும். மூலைகளை வளைவாக வரையுங்கள், வெட்டிய பின் ஓரத்தைத் தேய்த்து மெருகிடச் சொல்லுங்கள்.

காயில் வேறு விஷயம். பம்பு மோட்டார் ரீவைண்டிங்கில் கைதேர்ந்தவர்கள் நம் பக்கத்தில் ஏராளம், ஆனால் அவர்கள் கை பழகிய கம்பி வேறு. எல்ஆர்ஏவுக்குரிய, மயிரிழையை விட மெல்லிய கம்பியைச் சுற்றத் தனி இயந்திரம் வேண்டும். பலகத்தைத் தள்ளும் பெரிய வாய்ஸ் காயிலானால், 0.2 மி.மீ. கம்பி, அதை அவர்களே அழகாகச் சுற்றித் தருவார்கள். எல்ஆர்ஏவைக் கடையில் வாங்குங்கள். சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. சாலை, இல்லாவிட்டால் இணையம்.

எப்படி அளப்பது? விலையுயர்ந்த கருவி வேண்டுமா?

ஏடிஎக்ஸ்எல்345 போன்ற முடுக்கமானிச் சிப் போதும். வினாடிக்கு 3,200 மாதிரி எடுக்கும், 16 ஜி வரை அளக்கும். அதைக் கண்ணாடியில் மெல்லிய பசையால் ஒட்டுங்கள். கம்பிகள் இழுத்துப் பிடிக்காமல் தொங்கட்டும். வெறும் பலகத்தில் ஒருமுறை, மேலே விரலை வைத்து ஒருமுறை அளக்க வேண்டும். விரலே ஒரு தணிப்பு. வெறுமையாக அழகாக ஆடும் பலகம் விரல் பட்டதும் வேறு மாதிரி ஆடுவதைப் பார்க்கலாம். எனக்கு எப்போதும் இரண்டாவது வரைபடம்தான் வேண்டும்.

முடுக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 200 ஹெர்ட்ஸில் 1 ஜி என்பது 6 மைக்ரோமீட்டர் அசைவுதான். உச்சத்தின் உயரத்தைவிட, உச்சத்திலிருந்து அடங்கும்வரை உள்ள அகலத்தைப் பாருங்கள்.

அதிரும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. ஆக்சுவேட்டர் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. தளர்ந்த திருகு, பெட்டிச் சுவரில் உரசும் கேபிள், ஸ்பீக்கர் வலை, இப்படி ஏதோ ஒன்று. 50 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள், எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான்.

தொட்டதும் அதிராமல் கொஞ்சம் தாமதமாகிறது. எவ்வளவு தாமதம் பரவாயில்லை?

50 மில்லிவினாடியைத் தாண்டினால் விரலும் அதிர்வும் இரண்டு தனிச் சம்பவங்களாகிவிடும். அதில் ஆக்சுவேட்டர் எழுவதற்கு 10 போனால் மீதி 40. தொடுசிப் ஸ்கேன் செய்ய, அதன் இரைச்சல் வடிகட்டி, பிறகு இயங்குதளம், பிறகு செயலி எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். செயலி வழியாகப் போகவே விடாதீர்கள். பொத்தான்களின் இடங்களைத் தொடுசிப்பைப் படிக்கும் மைக்ரோகன்ட்ரோலரிடமே கொடுத்து, அங்கிருந்தே டிரைவரைத் தட்டிவிடுங்கள். கணினி பின்னால் வந்து பில்லைத் திறக்கட்டும்.

எதுவும் அதிராமல், கண்ணாடியின் வழவழப்பையே மாற்றும் திரைகள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. ஒன்று நிலைமின் ஈர்ப்பு. மின்னேற்றிய பரப்பில் தேய்க்கும் விரல் சொரசொரப்பை உணர்வதை 1953இல் மாலின்கிராட்டும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள், 2010இல் டிஸ்னி ஆய்வகத்தின் டெஸ்லாடச் அதைத் தொடுதிரைக்குக் கொண்டுவந்தது. இன்னொன்று, கண்ணாடியை மீயொலியில் அதிர வைத்து விரலுக்கடியில் காற்றுப்படலம் உண்டாக்கி வழுக்கச் செய்வது. இரண்டும் விரல் நகரும்போது மட்டுமே வேலை செய்யும், ஒரே இடத்தில் தட்டும் பொத்தானுக்குப் பயன் இல்லை. முதல் வகைக்கு வியர்வை எதிரி. நம் ஊர்ச் சந்தைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கல்லூரி ப்ராஜெக்டுக்கு எங்கிருந்து தொடங்குவது?

கைபேசி பழுதுபார்க்கும் கடையில் உடைந்த போன்களின் அதிர்வு உருப்படிகள் டப்பாவில் கிடக்கும். இஆர்எம் ஒன்று, எல்ஆர்ஏ ஒன்று கேட்டு வாங்குங்கள். டிசி கொடுத்தால் தொடர்ந்து சுழல்வது இஆர்எம், ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றுவிடுவது எல்ஆர்ஏ. அதே 100 கிராமுக்கு ஓர் அலுமினியக் கட்டை வெட்டி அதன் மேல் இரண்டையும் மாறி மாறி ஒட்டி, முடுக்கமானியால் அளந்து, எழும் நேரம், அடங்கும் நேரம் இரண்டையும் வரைந்துகொள்ளுங்கள். பிறகு எதிர்த்தள்ளல் கொடுத்து எல்ஆர்ஏவின் வாலை எவ்வளவு வெட்ட முடிகிறது என்று பாருங்கள். அறிக்கையில் அந்த ஒரு வரைபடம், பத்துப் பக்க முன்னுரைக்கு மேல். கட்டம் எங்கே திருப்புவது என்று பிடிபடாமல் நின்றால், வரைபடத்தையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு கஞ்சிக்கோட்டுக்கு வாருங்கள். சனிக்கிழமை பிற்பகலில் ஆசிலாஸ்கோப் சும்மாதான் இருக்கும்.